ஆர்எஃப் பிளாஸ்மாவும் மேட்ச்பாக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ அலைவரிசை (ஆர்எஃப்) மின்சாரத்தால் வாயுவை அயனியாக்கி எரியவைப்பதுதான் ஆர்எஃப் பிளாஸ்மா. ஸ்பட்டரிங் (இலக்குப் பொருளை உதிர்த்துப் பூச்சாகப் படியவைத்தல்), எட்சிங் (அரித்தெடுத்தல்), பிஇசிவிடி (பிளாஸ்மா உதவியோடு வாயுவிலிருந்து படலம் வளர்த்தல்) என்று அதை எதற்குப் பயன்படுத்தினாலும், புதிதாக வரும் மாணவர்கள் வாக்யூம் பம்பைப் பற்றியும் வாயுக்களைப் பற்றியும் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். பவர் தரும் ஜெனரேட்டருக்கும் பிளாஸ்மா எரியும் சேம்பருக்கும் நடுவில் இருக்கும் மேட்ச்பாக்ஸ் என்ற பெட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ரிஃப்ளெக்டட் பவர் பூஜ்யம் வரணும்" என்பதோடு, அதாவது ஜெனரேட்டருக்குத் திரும்பி வரும் பவர் இருக்கக் கூடாது என்பதோடு, பேச்சு முடிந்துவிடும். அங்கேதான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. பரிசோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. கணக்குகள் எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு.

ஜெனரேட்டரை நேராக சேம்பரில் இணைத்தால் என்ன ஆகும்?

ஒன்றும் வெடிக்காது, ஆனால் பவரும் போகாது. ஜெனரேட்டரும் கேபிளும் 50 ஓம் மின்தடையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. இரு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே எரியும் பிளாஸ்மா அப்படி இருப்பதில்லை. ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: மின்தடை 5 ஓம், ரியாக்டன்ஸ் மைனஸ் 80 ஓம். சிறிய எட்சிங் சேம்பர்களில் இந்த மாதிரி எண்கள் சாதாரணம். ரியாக்டன்ஸ் என்பது ஆற்றலை வாங்கி வைத்து அதே சுழற்சியில் திருப்பிக் கொடுத்துவிடும் பகுதி. மைனஸ் என்றால் அது மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்ததைத்தான் இம்பீடன்ஸ் என்பார்கள்.

இதை 50 ஓம் கேபிளில் நேராகக் கோர்த்தால் அனுப்பும் பவரில் 89 சதவீதம் திரும்பி வந்துவிடும். 500 வாட் அனுப்பினால் உள்ளே போவது 53 வாட். திரும்பி வருவது ஜெனரேட்டரின் டிரான்சிஸ்டர்களைத்தான் சூடாக்கும் என்பதால், இன்றைய ஜெனரேட்டர்கள் அந்த நிலைக்கு விடாமல் தாங்களே பவரைக் குறைத்துக்கொள்கின்றன.

ஏன் எல்லாரும் 13.56 மெகாஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பாதி சட்டம், பாதி இயற்பியல். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 13.56 அதில் ஒன்று. இரண்டால் பெருக்கினால் 27.12, மூன்றால் பெருக்கினால் 40.68, இவ்விரண்டும் அதே பட்டியலில் இருப்பதால், அடிப்படை அலையோடு கிளம்பும் மடங்கு அலைகளும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் போய் விழும்.

இயற்பியல் பக்கத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1000 கோடி எலக்ட்ரான் உள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளால் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அசைவைப் பின்தொடர முடியும். 13.56-இல் எலக்ட்ரான்கள் ஆடும். அயனிகள் சராசரி மின்புலத்தை மட்டும் உணரும். இது வசதியான ஏற்பாடு. மற்றபடி 13.56-இல் தனி மந்திரம் எதுவும் கிடையாது. 2 மெகாஹெர்ட்ஸிலும் 60 மெகாஹெர்ட்ஸிலும் தொழிற்சாலைகளில் பிளாஸ்மா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் சேம்பரின் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று கையேட்டில் எங்கும் இல்லையே?

இருக்காது. அது சேம்பரின் குணம் மட்டும் அல்ல. வாயு, அழுத்தம், பவர், சுவரில் படிந்த பூச்சு என எது மாறினாலும் அதுவும் மாறும். பவரைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் கூடும், எலக்ட்ரோடை ஒட்டி எலக்ட்ரான் குறைந்திருக்கும் ஷீத் என்ற மெல்லிய அடுக்கின் தடிமனும் மாறும். பிளாஸ்மாவின் மின்தேக்கி குணம் பெரும்பாலும் அந்த ஷீத்திலிருந்து வருவதுதான். ஆகவே நீங்கள் பவர் குமிழைத் திருகும்போது, எதற்குப் பவர் கொடுக்கிறீர்களோ அதன் இம்பீடன்ஸையும் சேர்த்தே திருகுகிறீர்கள். ரேடியோ ஆன்டெனா மேட்சிங்கைப் படித்துவிட்டு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. ஆன்டெனா இப்படியெல்லாம் செய்யாது.

மேட்ச்பாக்ஸைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?

சேம்பரின் இம்பீடன்ஸை ஜெனரேட்டருக்கு 50 ஓமாகத் தெரியும்படி மாற்றுவதுதான் இந்தப் பெட்டியின் வேலை; அதற்குத்தான் மேட்ச் என்று பெயர். பெரும்பாலான பெட்டிகளில் மூன்றே பொருள்கள்: ஜெனரேட்டர் பக்கம் எர்த்துக்குப் போகும் ஒரு மாறும் மின்தேக்கி, சேம்பர் பக்கம் தொடரில் ஒரு மாறும் மின்தேக்கி, அதோடு ஒரு தடித்த செப்புச் சுருள். முதலாவதை லோட் என்றும் இரண்டாவதை ட்யூன் என்றும் சொல்வார்கள். தானியங்கிப் பெட்டி என்றால் இரண்டு மோட்டாரும், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும் கட்ட (ஃபேஸ்) வேறுபாட்டையும் பார்க்கும் ஒரு சிறிய உணரிச் சுற்றும் கூட இருக்கும்.

நம் உதாரணத்தையே போட்டுப் பார்க்கலாம். 5 ஓமை 50 ஓமாக உயர்த்த வேண்டும். 50-ஐ 5-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 3. இதுதான் சுற்றின் க்யூ, அதாவது ரியாக்டன்ஸ் மின்தடையைப் போல எத்தனை மடங்கு என்ற எண். தொடரில் மிச்சம் நிற்க வேண்டிய ரியாக்டன்ஸ் 3 பெருக்கல் 5, அதாவது பிளஸ் 15 ஓம். எர்த்துக்குப் போகும் மின்தேக்கியின் ரியாக்டன்ஸ் 50 வகுத்தல் 3, அதாவது 16.7 ஓம்; இதற்குச் சுமார் 700 பிகோஃபாரட் வேண்டும்.

பிளாஸ்மாவே மைனஸ் 80 ஓம் கொண்டுவருவதால், தொடரில் பிளஸ் 95 ஓம் சேர்த்தால்தான் 15 மிஞ்சும். 2 மைக்ரோஹென்றி சுருள் 170 ஓம் தரும். அதிகப்படியான 75 ஓமைத் தின்ன ட்யூன் மின்தேக்கியை 156 பிகோஃபாரட்டில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான், மேட்ச் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கிலிருந்து கையோடு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. லோட் மின்தேக்கியின் நிலை மின்தடையைச் சொல்லும், ட்யூன் மின்தேக்கியின் நிலை பெரும்பாலும் ரியாக்டன்ஸைச் சொல்லும். லோட் அதிகப் பிகோஃபாரட் கேட்கிறது என்றால் அந்தப் பக்கம் தெரியும் மின்தடை குறைந்திருக்கிறது. இரண்டு எண்களையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது, விலை உயர்ந்த பல கருவிகளை விடப் பயன்தரும்.

ரிஃப்ளெக்டட் பவர் பூஜ்யம். அப்படியானால் போட்ட 500 வாட்டும் பிளாஸ்மாவுக்குத்தானே போகிறது?

இல்லை. ஜெனரேட்டரை விட்டுக் கிளம்பிய பவர் திரும்பி வரவில்லை. மீட்டர் சொல்வது அதை மட்டும்தான். போன இடம் பிளாஸ்மாவா, செப்புச் சுருளா, துருப்பிடித்த ஒரு நட்டா என்று அதற்குத் தெரியாது.

கணக்காகவே பார்ப்போம். நல்ல சுருள், இறுக்கமான இணைப்புகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை ஓம் மின்தடை என்று வையுங்கள். பிளாஸ்மா 5 ஓம். இரண்டும் தொடரில் இருப்பதால் பவர் 5-க்கு 0.5 என்ற விகிதத்தில் பிரியும். பிளாஸ்மாவுக்கு 91 சதவீதம். பரவாயில்லை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டோம். பவர் போகும் எலக்ட்ரோடின் பின்பக்கம் எர்த் கவசம் இருக்கும், மின்சாரம் உள்ளே நுழையும் பீங்கான் இன்சுலேட்டர் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும். இவை எல்லாம் எலக்ட்ரோடுக்கும் எர்த்துக்கும் நடுவே, பிளாஸ்மாவுக்கு இணையாக நிற்கும் ஒரு மின்தேக்கி. 200 பிகோஃபாரட் என்பது மிகையான எண் இல்லை. 13.56-இல் அதன் ரியாக்டன்ஸ் 59 ஓம். பிளாஸ்மாவின் 80 ஓமை விடக் குறைவு! மின்னோட்டம் எளிய வழியைத்தான் தேடும்.

இணையாகச் சேர்த்துக் கணக்கிட்டால் மேட்ச்பாக்ஸுக்குத் தெரியும் மின்தடை 5 ஓம் இல்லை, 0.9 ஓம். ரியாக்டன்ஸ் மைனஸ் 34. பிளாஸ்மாவில் 500 வாட் இறங்க அதற்குள் 10 ஆம்பியர் போதும். ஆனால் சுருள் வழியாக 23.6 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும், மிச்சமெல்லாம் கவசத்துக்குப் போய் வருகிறது. சுருளின் அதே அரை ஓமில் இப்போது 279 வாட் வெப்பமாகிறது. ஜெனரேட்டர் 779 வாட் தந்தால்தான் பிளாஸ்மாவுக்கு 500. திறன் 64 சதவீதம். இத்தனைக்கும் ரிஃப்ளெக்டட் மீட்டர் முன்பும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம்.

ஆய்வுக் கட்டுரைகளில் "500 வாட் ஆர்எஃப் பவரில்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதை நான் நம்பாமல் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஜெனரேட்டரின் முகப்பில் தெரிந்த எண்ணா, பிளாஸ்மாவுக்குள் போன எண்ணா என்று சொல்லாவிட்டால் அந்த 500-க்குப் பெரிய பொருள் இல்லை.

அந்த இணை மின்தேக்கியைக் குறைக்க வழி உண்டா?

கொஞ்சம் உண்டு. கவசத்துக்கும் எலக்ட்ரோடுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால் மின்தேக்குத்திறன் குறையும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் கூட்டினால் அந்த இடைவெளிக்குள்ளேயே பிளாஸ்மா பற்றிக்கொள்ளும். கவசம் வைத்ததே அதைத் தடுக்கத்தான். இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்ள வேண்டும். மின்கடத்தாப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அலுமினாவை விட டெஃப்லான் ஏறக்குறைய நாலரை மடங்கு குறைந்த மின்தேக்குத்திறன் தரும், சூடு தாங்குமா என்பதுதான் கேள்வி. மேட்ச்பாக்ஸை சேம்பரோடு ஒட்டினாற்போல் பொருத்துவது இன்னொரு வழி. பெட்டிக்கும் சேம்பருக்கும் நடுவே ஒரு மீட்டர் கேபிள் விடுவதைப் போன்ற தவறு வேறில்லை. மேட்சிங்குக்குப் பிறகு வரும் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் பெரிய மின்னோட்டம் ஓடுகிறது.

பிளாஸ்மாவுக்குள் போன பவரை எப்படித்தான் அளப்பது?

மேட்ச்பாக்ஸுக்கும் சேம்பருக்கும் நடுவே மின்னழுத்தம், மின்னோட்டம், இரண்டுக்கும் உள்ள கட்ட வேறுபாடு ஆகிய மூன்றையும் அளக்கும் புரோப்கள் கிடைக்கின்றன. நல்லவைதான். ஆனால் கட்டத்தை ஒட்டி எச்சரிக்கை வேண்டும். 5 ஓம், மைனஸ் 80 ஓம் என்றால் கட்டக் கோணம் 86.4 டிகிரி. கிட்டத்தட்ட 90. அங்கே கொசைன் வளைவு செங்குத்தாக விழுகிறது. கோணத்தில் ஒரே ஒரு டிகிரி பிழை இருந்தால் பவரில் 28 சதவீதம் பிழை. இணை மின்தேக்கியையும் சேர்த்துப் பார்த்தால் கோணம் 90-க்கு இன்னும் நெருங்கிவிடும், பிழை அதற்கேற்ப ஏறும்.

புரோப் இல்லாதவர்களுக்குக் கழித்தல் முறை இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பிளாஸ்மா எரியும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தையும் ஜெனரேட்டர் பவரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயுவை நிறுத்தி, பிளாஸ்மா பற்ற முடியாத அளவுக்கு அழுத்தத்தை இறக்கி, மறுபடி மேட்ச் செய்து, அதே மின்னழுத்தம் வரும்வரை பவரைக் கூட்டுங்கள். இப்போது செலவாகும் பவர் முழுவதும் சுருளிலும் இணைப்புகளிலும் போவது. முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பது பிளாஸ்மாவின் பங்கு. பிளாஸ்மா வழியே ஓடும் மின்னோட்டம் இணை மின்தேக்கியில் ஓடுவதோடு ஒப்பிடும்படி இருந்தால், சுருள் மின்னோட்டம் இரண்டு ஓட்டங்களிலும் ஒன்றாக இருக்காது; அப்போது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப இழப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். எலக்ட்ரோடுக்குப் பதில் சேம்பரை ஒட்டிய ஒரு சுருளால் தூண்டும் பிளாஸ்மாவுக்கு இன்னும் எளிது, சுருள் மின்னோட்டத்தையே சமமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே மாடல், ஒரே ரெசிபி (வாயு, அழுத்தம், பவர் போன்ற அமைப்புகள்), இரண்டு கருவிகள். முடிவு மட்டும் வேறு வேறு. ஏன்?

இந்தக் கேள்வியை உலக அளவில் ஒருமுறை முறையாகவே கேட்டுப் பார்த்தார்கள். 1988-இல் வாயு மின்னணுவியல் மாநாட்டை (கேசியஸ் எலக்ட்ரானிக்ஸ் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஜிஇசி) ஒட்டி, எல்லாரும் ஒரே வடிவச் சேம்பரைக் கட்டி அளவீடுகளை ஒப்பிடலாம் என்று முடிவானது. ஜிஇசி ரெஃபரன்ஸ் செல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்: 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு எலக்ட்ரோடுகள், 2.5 சென்டிமீட்டர் இடைவெளி, 13.56 மெகாஹெர்ட்ஸ். ஐந்து ஆய்வகங்களில் இருந்த ஆறு செல்களில், தூய ஆர்கானில், ஒரே அழுத்தம், ஒரே மின்னழுத்தம் வைத்து அளந்து 1994-இல் வெளியிட்டார்கள்.

சேம்பர் ஒன்றேயானாலும் மின்சுற்று வேறானால் பிளாஸ்மாவும் வேறாகும் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. பவர் மூலத்தின் ரியாக்டன்ஸ் உறுப்புகள் கூட டிஸ்சார்ஜை, அதாவது எரியும் பிளாஸ்மாவைக், குறிப்பிடத்தக்க அளவு பாதித்தன. ஒரே மாதிரி பவர் மூலம் வைத்திருந்த செல்கள் நன்றாக ஒத்துப்போயின.

காரணம் ஷீத்தின் நேர்கோடற்ற தன்மை: அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. நீங்கள் 13.56 மட்டுமே அனுப்பினாலும் பிளாஸ்மா 27.12, 40.68 என்று மடங்கு மின்னோட்டங்களைத் தானே உண்டாக்கும். அவை திரும்பி மேட்ச்பாக்ஸுக்குள் வரும்போது அங்கே என்ன இம்பீடன்ஸைச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து மின்னழுத்தத்தின் வடிவம் மாறும். மேட்ச்பாக்ஸ் 13.56-க்கு மட்டும்தான் மேட்ச் ஆகியிருக்கிறது, 27.12-க்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் வடிவமைப்பதில்லை. அதனால் உங்கள் இரண்டு கருவிகளில் ஒன்றில் சுருள் ஒரு சுற்று கூட இருந்தாலோ, எர்த் பட்டை வேறு இடத்தில் திருகப்பட்டிருந்தாலோ, ரெசிபி ஒன்றாக இருப்பது போதாது. ஒப்பிட வேண்டியது லோட், ட்யூன் நிலைகள், எலக்ட்ரோடு மின்னழுத்தம், டிசி பயாஸ் (எலக்ட்ரோடில் நிலையாக நிற்கும் டிசி மின்னழுத்தம், அடுத்த கேள்வியில் வருகிறது). ஜெனரேட்டர் வாட் கடைசியில்.

பிளாக்கிங் மின்தேக்கி எதற்கு? ட்யூன் மின்தேக்கி போதாதா?

தொடரில் இருக்கும் ட்யூன் மின்தேக்கியே பல கருவிகளில் அந்த வேலையையும் செய்துவிடும். வேலை என்னவென்றால், டிசி மின்னோட்டம் போக வழியில்லாமல் செய்வது. ஆர்கான் அயனி எலக்ட்ரானை விட 73,000 மடங்கு கனம். எலக்ட்ரோடு கொஞ்ச நேரம் பாசிட்டிவ் ஆனாலே எலக்ட்ரான்கள் குவிந்துவிடும். அயனிகள் மெதுவாகத்தான் வரும். சராசரி மின்னோட்டம் பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும் என்று மின்தேக்கி கட்டாயப்படுத்துவதால், எலக்ட்ரோடு நிரந்தரமாக நெகட்டிவ் பக்கம் சரிந்து நின்றுகொள்கிறது. அதுதான் செல்ஃப் பயாஸ்.

இரண்டு எலக்ட்ரோடுகளும் ஒரே பரப்பு என்றால் பயாஸ் வராது. எர்த் பக்கம் சேம்பர் சுவரும் சேர்ந்து பெரிதாக இருப்பதால்தான் சிறிய எலக்ட்ரோடில் மின்னழுத்தம் குவிகிறது. 1970-இல் ஐபிஎம்மின் கோனிக், மைசெல் இருவரும் பரப்பு விகிதத்தின் நான்காம் படியில் ஷீத் மின்னழுத்தம் மாறும் என்று காட்டினார்கள். நிஜ சேம்பர்களில் அந்தப் படி நான்கை எட்டுவதில்லை, கணிசமாகக் குறைவாகவே வருகிறது.

பரப்பைத் தொடாமலேயே பயாஸை மாற்றவும் வழி வந்துவிட்டது. 13.56-ஓடு 27.12-ஐயும் கட்டம் பூட்டிச் சேர்த்து அனுப்பி, இரண்டுக்கும் உள்ள கட்டத்தை மட்டும் திருப்பினால் பயாஸ் நகரும். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகக் குழு 2008-இல் முன்வைத்த யோசனை இது. கேட்க அழகு, ஒரே எலக்ட்ரோடுக்கு இரண்டு அலைவரிசையையும் ஒன்றையொன்று தின்னாமல் மேட்ச் செய்து பாருங்கள், அப்புறம் அருமை தெரியும்.

பற்றிய பிறகு சமர்த்தாக எரிகிறது. பற்றவைப்பதுதான் பாடு. என்ன செய்வது?

பற்றுவதற்கு முன் அங்கே பிளாஸ்மா இல்லை, அதாவது 5 ஓம் இல்லை. இருப்பது இணை மின்தேக்கியும் சுருளின் அரை ஓமும்தான். மேட்ச் ஆக வேண்டிய இடமே வேறு. எரியும்போது நிற்கும் நிலையிலேயே மின்தேக்கிகளை வைத்துவிட்டு பவர் போட்டால் எலக்ட்ரோடில் போதிய மின்னழுத்தம் ஏறாது.

இழப்பு குறைந்த சுற்று ஒத்ததிர்வில் இருக்கும்போது, சரியான தருணத்தில் தள்ளப்படும் ஊஞ்சலைப் போல மின்னழுத்தம் சுழற்சிக்குச் சுழற்சி ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சிதான் வாயுவை உடைக்கும். ஆகவே பற்றவைக்கும் நிலை ஒன்றும், ஓட்டும் நிலை ஒன்றும் தனித்தனியாகத் தேடிக் குறித்து வையுங்கள். தானியங்கிப் பெட்டிகளில் பிரீசெட் என்று இருப்பது இதற்குத்தான். அதோடு சில விநாடிகளுக்கு வாயு அழுத்தத்தைக் கூட்டி, பற்றியதும் இறக்குவது பழைய, நம்பகமான வழி.

ஆட்டோ மேட்ச் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்டி பழுதா?

முதலில் மேனுவலுக்கு மாற்றி, மின்தேக்கிகளை மேட்சுக்கு அருகே நிறுத்திவிட்டு கையை எடுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கட்டுப்பாட்டுச் சுற்றின் குறை. வேகத்தைக் குறைத்தோ, பூஜ்யத்தைச் சுற்றி அது கண்டுகொள்ளாமல் விடும் வரம்பைக் கொஞ்சம் அகட்டியோ சரிசெய்யலாம்.

மேனுவலிலும் பிளாஸ்மா மினுமினுத்துக்கொண்டே இருந்தால் பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். ஆக்சிஜன், எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு) போல எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் வாயுக்களில், குறிப்பாகச் சுருள் வகைப் பிளாஸ்மாவில், டிஸ்சார்ஜ் இரண்டு நிலைகளுக்கு நடுவே தானாகவே ஊசலாடும். கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் நடக்கும் அதை மோட்டார் துரத்திப் பிடிக்கவே முடியாது. அழுத்தத்தையோ பவரையோ நகர்த்தி அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவதுதான் நடைமுறை.

மூன்றாவது சாத்தியம் ஒன்று இருக்கிறது, அடுத்த கேள்வியில் வருகிறது.

மேட்ச் ஆகிவிட்டால் கேபிள் நீளம் பொருட்டே இல்லை என்கிறார்கள். உண்மையா?

நிலையான மேட்சுக்கு உண்மை. 50 ஓம் கேபிளின் முனையில் 50 ஓம் இருந்தால் நீளம் எவ்வளவானாலும் இந்தப் பக்கம் 50 ஓம்தான் தெரியும்.

ஆனால் பிளாஸ்மா சற்றே அசையும்போது கதை மாறுகிறது. ஜெனரேட்டர் 50 ஓமுக்குப் பவர் கொடுக்கச் செய்யப்பட்டதே தவிர, அதன் உள் இம்பீடன்ஸ் 50 ஓம் அல்ல. இன்றைய திறன்மிகு சுவிட்சிங் வகைகளில் அது எங்கோ இருக்கும். பிளாஸ்மாவின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதைக் கேபிள் நீளம் தீர்மானிக்கிறது. ஒரு நீளத்தில், பிளாஸ்மாவின் அடர்த்தி கொஞ்சம் கூடினால் பவர் குறைந்து அதை அடக்கும். இன்னொரு நீளத்தில், கூடக் கூட இன்னும் கொட்டிக் கொடுத்து ஆட்டத்தை வளர்க்கும்.

ஆர்ஜி-213 என்ற 50 ஓம் கேபிளில் 13.56-இன் அலைநீளம் 14.6 மீட்டர். கால் பங்கு 3.65 மீட்டர். கால் அலைநீளம் சேர்த்தால் திரும்பும் அலையின் கட்டம் அப்படியே தலைகீழாகும். மினுமினுப்பு தீராத கருவியில் ஒன்று, இரண்டு, மூன்று மீட்டர் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது மாயவித்தை போலத் தோன்றும். சரியான காரணம் உள்ள வித்தை. கருவியோடு வந்த கேபிளைக் காரணமில்லாமல் வெட்டிச் சின்னதாக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

மோட்டாருக்குப் பதில் அலைவரிசையையே மாற்றும் ஜெனரேட்டர்கள் எப்படி?

வேகம். மோட்டார் விநாடிக் கணக்கில் செய்வதை இவை மில்லிவிநாடியிலும் அதற்குள்ளும் முடித்துவிடும். பவரை விட்டுவிட்டுக் கொடுக்கும் பல்ஸ் பிளாஸ்மாவுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அலைவரிசை என்ற ஒரே குமிழை வைத்துக்கொண்டு மின்தடை, ரியாக்டன்ஸ் இரண்டையும் பிடிக்க முடியாது. ரியாக்டன்ஸ் சரியாகும், மின்தடையில் கொஞ்சம் பிசகு மிஞ்சும். கூடவே, 13.56-க்கு அனுமதி இருபுறமும் 7 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், அதைத் தாண்டி ஓடும் கருவிக்குக் கவசம் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

சுருளால் தூண்டும் பிளாஸ்மாவுக்கும் இதே பெட்டிதானா?

கொள்கை அதேதான், குறி மாறும். 1 மைக்ரோஹென்றி சுருள் தானே பிளஸ் 85 ஓம் கொண்டுவருவதால், பெட்டிக்குள் தனிச் சுருள் வேண்டியதில்லை, மின்தேக்கிகளே போதும். பிளாஸ்மா, டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளாக நின்று ஓரிரு ஓம் மின்தடையைக் காட்டும். குறைந்த பவரில் சுருளின் மின்னழுத்தத்தாலேயே மங்கலாக எரியும்; பவர் ஒரு எல்லையைத் தாண்டியதும் பளீரென்று அடர்ந்த நிலைக்குத் தாவும். அந்தத் தாவலில் இம்பீடன்ஸும் தாவும், மேட்ச் தவறிப் பின்வாங்குவதும் நடக்கும்.

இங்கே ஒரு மலிவான, நல்ல உத்தி. 2 ஓமில் 1000 வாட் இறக்க 22 ஆம்பியர் ஓட வேண்டும், சுருளின் ஒரு முனை எர்த்தில் இருந்தால் மறுமுனை 2,700 வோல்ட் உச்சத்துக்குப் போகும். அந்த மின்னழுத்தம் குவார்ட்ஸ் சன்னலின் உள்பக்கத்தை அயனிகளால் அரித்துக்கொண்டே இருக்கும். எர்த் முனையை நேராகத் திருகாமல் 275 பிகோஃபாரட் மின்தேக்கி வழியாக எர்த் செய்தால், மின்னழுத்தம் இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்து 1,350 ஆகிவிடும். சுருளின் நடுவில் பூஜ்யம்.

எர்த் ஒயர் போட்டிருக்கிறேன், மல்டிமீட்டரில் பூஜ்ய ஓம் காட்டுகிறது. ஆனாலும் பெட்டியின் மூடியைத் தொட்டால் சுடுகிறது!

மல்டிமீட்டர் டிசியில் பார்க்கிறது. 10 சென்டிமீட்டர் ஒயருக்கே ஏறக்குறைய 0.1 மைக்ரோஹென்றி உண்டு, 13.56-இல் அது 8.5 ஓம். 20 ஆம்பியர் அதன் வழியாகத் திரும்பினால் 170 வோல்ட். ஒயரைக் கழற்றிவிட்டு அகலமான செப்புப் பட்டையைக் குட்டையாகப் போடுங்கள். செம்பில் இந்த அலைவரிசை மேற்பரப்பில் 18 மைக்ரான் ஆழம் வரைதான் இறங்குவதால் தடிமனால் பயனில்லை, அகலம்தான் கணக்கு. பெட்டியைச் சேம்பரோடு நான்கு பக்கமும் உலோகம் உலோகத்தோடு உட்காரும்படித் திருகுவது இன்னும் மேல். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும்.

ஆர்எஃப் தீக்காயம் தோலுக்கு அடியில் ஆழமாக இறங்கும், ஆறவும் நாளாகும். மூடி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் ஆசையை மூடி திறந்தால் பவரை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்சை ஏமாற்றி நிறைவேற்றிக்கொள்ளாதீர்கள். நிறுத்திய பிறகும் பிளாக்கிங் மின்தேக்கியில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், எர்த் குச்சியால் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

விலை குறைந்த கையடக்க நெட்வொர்க் அனலைசர் வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

சிறிய சிக்னலை அனுப்பி இம்பீடன்ஸை அளக்கும் கருவி அது. நிறையச் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: பவர் ஓடும்போது அதை அருகில் கொண்டுவரக் கூடாது.

பிளாஸ்மாவை எரியவிட்டு, ரிஃப்ளெக்டட் பூஜ்யத்துக்கு மேட்ச் செய்யுங்கள். பவரை நிறுத்துங்கள், மின்தேக்கிகள் நகரக் கூடாது. சில பெட்டிகள் நிறுத்தியதும் பிரீசெட்டுக்கு ஓடிவிடும் என்பதால் முன்பே மேனுவலில் போட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் கேபிளைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டரைப் போட்டு, பெட்டியை சேம்பரிலிருந்து பிரித்து, சேம்பர் பக்க முனையில் அனலைசரை வையுங்கள். ரியாக்டன்ஸ் பிளஸ் 34 என்று வந்தால், எரியும்போது சேம்பர் காட்டியது மைனஸ் 34. குறியை மட்டும் திருப்பிக்கொண்டால் போதும்.

மின்தடையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேட்ச் ஆகும்போது 50 ஓமாக மாற்றப்பட்டது சேம்பரின் மின்தடையும் சுருளின் மின்தடையும் சேர்ந்தது. திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கூட்டுத்தொகையோடு சுருளின் மின்தடை இன்னொரு முறை சேர்கிறது. அனலைசர் 1.9 ஓம் காட்டி, சுருளுக்கு 0.5 ஓம் என்றால், இருமுறை கழித்து 0.9 என்று எழுதுங்கள்.